பெப்சி பாசி: மண்டபம் கரையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊருக்குப் பக்கத்தில் முனைக்காடு கரையில் நின்று "கப்பாஃபைகஸ் அல்வரேசி எங்கே வளர்க்கிறார்கள்?" என்று கேட்டால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். "பெப்சி பாசி எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள், சின்னப் பிள்ளைகூடக் கடலைக் கைகாட்டும். முதலில் சொன்னது அந்தக் கடற்பாசியின் அறிவியல் பெயர். அதை இங்கே வளர்க்க வைத்த பெப்சி நிறுவனம் இந்தத் தொழிலை இன்னொரு கம்பெனிக்குக் கைமாற்றிவிட்டுப் போனது 2008-இல். பெயர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. இன்றைக்கு வாங்குகிறவர் யாராக இருந்தாலும், கரையில் அது பெப்சி பாசிதான்.

நான் இந்தக் கரையில் சுய உதவிக் குழுக்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறவன். ரொக்கப் புத்தகம், கடன் பதிவேடு, தீர்மானப் புத்தகம் எல்லாம் என் கையெழுத்தில்தான் இருக்கும். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு பற்றிப் பேசுகிறவர்கள் மேலிருந்து அறிக்கை வழியாகப் பார்ப்பார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் கீழே இருக்கும் நோட்டு. அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அதற்கு முந்தைய பாசி

பாசி இங்கே புதுச் சரக்கு இல்லை. மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, பக்கோடா என்று பெண்கள் பெயர் சொல்லிப் பிரித்துப் பறிக்கிற பாசிகள் தலைமுறைகளாக உண்டு. முதல் இரண்டும் அகர் என்ற கூழ்ப்பொருள் காய்ச்சப் போகும், மற்ற இரண்டும் ஆல்ஜினேட் என்ற கெட்டியாக்கும் பொருள் எடுக்கப் போகும். வியாபாரி கரைக்கே வந்து எடை போட்டு ஏற்றிக்கொண்டு போவார்.

பறிக்கும் வேலை எளிதானது இல்லை. சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, விரல் விரலாகச் சுற்றிய துணிக்கிழிசல், காலில் ரப்பர் செருப்பு, முகத்தில் கண்ணாடி. இவ்வளவையும் மாட்டிக்கொண்டு தீவுப் பாறைகளில் மூச்சடக்கி முங்கிப் பிடுங்க வேண்டும். 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989-இல் அந்த வட்டாரமே உயிர்க்கோளக் காப்பகமானது. அதற்குப் பிறகு அதே பெண்கள், அதே பாறை, அதே வேலை; ஆனால் அத்துமீறி நுழைந்தவர்கள் என்று பெயர். பாசியைப் பறிகொடுத்துவிட்டு, வனத்துறையிடம் அபராதமும் கட்டிவிட்டு வந்த நாட்களை வயதானவர்கள் இன்றும் சொல்வார்கள்.

இந்தப் பின்னணி தெரியாமல் பெப்சி பாசியின் கதையைப் படித்தால், ஒரு நல்ல கம்பெனி ஏழைப் பெண்களுக்கு வேலை கொடுத்தது என்று மட்டும்தான் தெரியும். அதுவும் பொய் இல்லை. தீவுக்குப் போய்த் துரத்தப்படுவதைவிட, கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் தன் பெயரில் பாசி வளர்க்கும் மூங்கில் மிதவை போட்டு, தன் பெயரில் வங்கிக் கணக்கு வைத்துக்கொள்வது எவ்வளவோ மேல்.

வந்த விதம்

இந்தப் பாசியின் பூர்வீகம் பிலிப்பைன்ஸ் பக்கம். இதிலிருந்து எடுக்கும் காரஜீனன் ஐஸ்கிரீமைக் குழைவாக வைத்திருக்கும், பற்பசையைக் கெட்டியாக்கும். பச்சைப் பாசியைப் பிழிந்த சாறு வயலுக்குத் தெளிக்கும் உரமாகும். பாவ்நகரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம், தனது மண்டபம் நிலையத்தில் 1990-களின் நடுவிலிருந்து இதைக் கடலில் வளர்த்துப் பார்த்தது. 2000-ஐ ஒட்டி அந்த முறையை உரிமம் பெற்று எடுத்துக்கொண்டது பெப்சி.

ஏற்பாடு இதுதான். கம்பெனி நாற்றும் பயிற்சியும் கொடுக்கும், காய்ந்த பாசியை வாங்கிக்கொள்ளும். வங்கி கடன் தரும், அரசு மானியம் தரும். ஐந்து பேர் ஒரு குழு. ஆளுக்கு 45 மிதவை, குழுவுக்கு 225. 2005 கடைசியில் தமிழ்நாடு அரசு ஒரு கோடு போட்டது: வெளியிலிருந்து வந்த பாசி என்பதால் மன்னார் வளைகுடாப் பக்கம் வளர்க்கக் கூடாது, வடக்கே பாக் விரிகுடாப் பக்கமும் தூத்துக்குடிக்குத் தெற்கேயும் வளர்க்கலாம். எங்கள் பேச்சில் சொன்னால் தென்கடல் கூடாது, வடகடல் ஆகும்.

2001-இல் 21 டன்னாக இருந்த காய்ந்த பாசி விளைச்சல் 2013-இல் 1,490 டன்னாக ஏறியது. கிலோ 4.50 ரூபாய்க்குத் தொடங்கிய விலை 35 ரூபாய் வரை வந்தது. 2008-இல் பெப்சி விலகி, அக்வாக்ரி என்ற கம்பெனி எடுத்துக்கொண்ட பிறகுதான் இதில் பெரும்பகுதி ஏற்றம். ஊர் வாயில் பெயர் மாறவில்லை, அவ்வளவுதான்.

மிதவைக் கணக்கு

ஏன் 45 மிதவை? நாற்று கட்டிய பாசி அறுவடைக்கு வர 45 நாள் ஆகும். தினம் ஒரு மிதவை அறுத்து, அதே மிதவைக்குத் திரும்ப நாற்றுக் கட்டி இறக்கினால், 46-ஆம் நாள் முதல் மிதவை தயாராக இருக்கும். நாள் தவறாமல் வருமானம் வரும். யோசித்தவர் புத்திசாலி, அதில் சந்தேகமில்லை. மாதச் சம்பளம் பார்க்காத வீட்டுக்குள் தினச் சம்பளம் மாதிரி ஒன்றைக் கடல் வழியாகக் கொண்டுவந்த கணக்கு அது.

மிதவை என்பது மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் மூங்கில் சட்டம். ஓரா மீன் வந்து மேய்ந்துவிடாமல் அடியில் பழைய வலை. குறுக்கே 20 கயிறு, ஒரு கயிற்றில் 20 நாற்று, ஒரு நாற்று 150 கிராம். பெருக்கினால் 400 முடிச்சு, 60 கிலோ. கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஈரக் கோணியால் பாசியை மூடிவைத்துக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் 400 முடிச்சையும் போட்டாக வேண்டும். பாசி காய்ந்தால் நாற்று செத்துவிடும். முடிச்சு இறுகினால் தண்டு அறுந்துவிடும், தளர்ந்தால் அலை உருவிவிடும். சின்ன விரலில் கயிறு வெட்டிய வடு இல்லாத ஒரு பெண்ணை அந்தக் கரையில் நான் பார்த்ததில்லை.

45 நாள் கழித்து மிதவையில் சுமார் 260 கிலோ இருக்கும் என்பது திட்டக் கணக்கு. 60 கிலோ அடுத்த நாற்றுக்கு. மீதி 200 கிலோவைக் காயவைத்தால் பத்தில் ஒரு பங்கு, அதாவது 20 கிலோ. கிலோ 4.50 ரூபாய் விற்ற காலத்தில் ஒரு மிதவைக்கு 90 ரூபாய், 35 ரூபாய் விற்றபோது 700 ரூபாய். 700 ரூபாய் 2013-இல் இந்தக் கரையில் ஒரு பெண்ணுக்கு நல்ல காசு. சுவர் வைத்த வீடுகளும், கல்லூரிக்குப் போன பெண்பிள்ளைகளும் அந்தக் காசில் உண்டு. அதை மறைத்து எழுதினால் நான் பொய்க்கணக்கு எழுதியவன் ஆவேன்.

ஆனால் அது கூலி இல்லை, மொத்த வரவு. கயிறு, மூங்கில், வலை, நங்கூரக் கல், படகுக்காரருக்குக் கொடுப்பது, கடன் தவணை எல்லாம் அதற்குள்ளிருந்துதான் போக வேண்டும். வருஷத்துக்கு எட்டுச் சுற்று என்று காகிதம் சொல்லும். வாடைக்காற்று கிளம்பினால் வடகடல் மிதவையை நிற்க விடாது. கட்டு அறுந்து ஒன்றோடு ஒன்று மோதி மூங்கில் முறிந்து கரையில் குவிந்து கிடக்கும். அந்த மாதங்களுக்கு நோட்டில் நான் போடுவது ஒரு கோடு மட்டும்.

அப்புறம் கழிவு. என் நோட்டில் எடை, கழிவு, நிகர எடை, தொகை என்று நான்கு கட்டங்கள். கழிவு என்றால் ஈரம், மணல், உப்புக்குக் கழிப்பது. இந்தக் கட்டம் எப்படி நிரம்புகிறது என்று ஒருநாள் கரையில் நின்று பார்த்தேன். பாசி வாங்கும் ஏஜென்ட் வருகிறார், சாக்குக்குள் கையை விடுகிறார், ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் அழுத்துகிறார். "ஈரம் இருக்குக்கா, ரெண்டு கிலோ போட்டுக்கிறேன்." ஈரம் அளக்கும் கருவி எதுவும் இல்லை, அவர் உள்ளங்கைதான் கருவி. இருபது கிலோவில் இரண்டு கிலோ. பத்து மிதவைக்கு ஒரு மிதவை அந்த உள்ளங்கைக்குள் போய்விடுகிறது. அவர் வேண்டுமென்றே ஏமாற்றுகிறார் என்று சொல்ல மாட்டேன். அவருக்கும் மேலே கிடங்கில் இன்னொரு கை கழிக்கும். எவ்வளவு கழிக்கும் என்று தெரியாததால் அவர் முன்கூட்டியே சேர்த்துக் கழிக்கிறார். சங்கிலியில் ஒவ்வொருவரும் தன் பயத்தைக் கீழே தள்ளிவிட, கடைசியில் அது வந்து நிற்பது முடிச்சுப் போட்டவளிடம்.

தொழில் என்ற கட்டம்

கடன் விண்ணப்பத்தில் "தொழில்" என்று ஒரு கட்டம் உண்டு. ஒரு குழுவுக்கு அதை நிரப்பும்போது, கடன் கொடுக்கும் இடத்தில் சொல்லிக் கொடுத்தபடி ஐந்து பேருக்கும் "தொழில்முனைவோர்" என்று எழுதினேன். குழுத் தலைவி எட்டிப் பார்த்து, "என்ன தம்பி பெரிசா எழுதுற?" என்றார். "முதலாளின்னு எழுதிருக்கேன்க்கா" என்றேன். எல்லாரும் சிரித்தோம்.

அந்த ஒரு சொல் என்ன செய்தது என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. தொழிலாளி என்றால் ஒரு குறைந்தபட்சக் கூலி இருக்கிறது. வேலையில் அடிபட்டால் ஈட்டுத்தொகை இருக்கிறது. இத்தனை பேருக்கு மேல் வேலை செய்தால் வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் பாலியல் தொல்லை புகாருக்கு உள்ளகக் குழு இருக்க வேண்டும். புயலில் ஆலைக் கூரை பறந்தால் நட்டம் ஆலைக்காரருக்கு. தொழில்முனைவோர் என்று எழுதியதும் இவ்வளவும் ஒரே கோட்டில் அடிபட்டுப் போனது. மிதவை உடைந்தால் அவள் நட்டம். பாசி வெளுத்தால் அவள் நட்டம். விரல் அறுந்தால் அவள் வைத்தியம். ஆனால் முதலாளிக்கு இருக்கும் ஒரே அதிகாரமான விலை சொல்லும் அதிகாரம் மட்டும் அவளிடம் வரவில்லை. வாங்குகிறவர் ஒருவர், நாற்றுத் தருகிறவரும் அவரே, விலையும் அவர் சொல்வது. இதில் அவள் எந்த வகையில் முதலாளி?

இந்த ஏற்பாட்டில் சட்டமீறல் இல்லை. ஒப்பந்த முறைச் சாகுபடி எங்கேயும் இப்படித்தான் நடக்கிறது, கறிக்கோழிப் பண்ணைக்காரரைக் கேட்டாலும் இதையே சொல்வார். என் குற்றச்சாட்டு சட்டத்தின் மேல் இல்லை. உழைப்புக்கான நியாயமான தரங்கள் என்று நாம் பேசுகிறதெல்லாம் "தொழிலாளி" என்ற சொல்லின் வாசலில் நிற்கிறது. அந்தச் சொல்லை மாற்றி எழுதிவிட்டால் யாரும் எதையும் மீறாமலேயே எல்லாம் நடந்துவிடுகிறது. மாற்றி எழுதிய பேனா என்னுடையது என்பதால் எனக்கு இது கொஞ்சம் உறுத்தும்.

2013-ஐ ஒட்டி அது நடந்தது. கடல் சூடேறி, பாசி நுனியிலிருந்து வெளுத்து, தண்டு கொழகொழவென்று அழுகி விழுந்தது. இந்தப் பயிருக்கு விதை என்று ஒன்று இல்லை, துண்டு ஒடித்துத்தான் பெருக்க வேண்டும். நிற்கிற பயிர் செத்தால் அடுத்த நாற்றும் சேர்ந்தே செத்தது. 1,490 டன்னுக்கு ஏறிய விளைச்சல் சரசரவென்று இறங்கியது. கம்பெனிக்கு மூலப்பொருள் குறைந்தது, அது உண்மையான நட்டம்தான். ஆனால் கம்பெனி வேறு நாட்டிலிருந்து இறக்குமதி செய்துகொள்ளலாம். மிதவைக்காரிக்கு இருந்தது மூங்கிலும் தவணை அட்டையும். சிலர் திரும்பத் தீவுப் பாசிக்குப் போனார்கள். சிலர் நண்டு உரிக்கும் கம்பெனிக்குப் போனார்கள். அந்த நிலைமையை எழுதப் போனால் இன்னொரு கட்டுரை ஆகும்.

கையுறைக் கடிதம்

அதே 2013-இல்தான் கம்பெனிகள் சட்டம் வந்தது. அதன் 135-ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாய், இதில் ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். கடற்கரையில் எங்களுக்கு இந்தச் சட்டம் தெரிய வந்தது பலகைகள் வழியாக. குடிநீர்த் தொட்டியில் ஒரு கம்பெனிப் பெயர், பேருந்து நிழற்குடையில் ஒன்று.

சரி, நாமும் கேட்போம் என்று ஒரு குழுவுக்காக நான் கடிதம் எழுதினேன். வாங்குகிற கம்பெனி எது என்பது இங்கே முக்கியமில்லை. கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை: நாற்றுக் கட்டுகிறவர்களுக்குக் கையுறை, பாறையில் நடக்கச் செருப்பு, கரையில் ஒரு நிழல் கொட்டகை, ஒரு கழிப்பறை. காலை ஐந்து மணிக்குக் கரைக்கு வந்தால் மதியம் வரை இருக்க வேண்டிய இடம், கண்ணுக்கு எட்டிய வரை மணல். பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். அதனால் வரும் நோய்கள் எல்லாருக்கும் தெரியும்.

கொள்முதல் பிரிவிலிருந்து பதில் வந்தது: அவர்கள் எங்கள் ஊழியர்கள் அல்ல, சுயதொழில் செய்கிறவர்கள், பாதுகாப்பு உபகரணம் தரும் கடமை எங்களுக்கு இல்லை. சமூகப் பொறுப்புப் பிரிவுக்கு எழுதினேன். அங்கிருந்து வந்த பதில்: அவர்கள் எங்களுக்குச் சரக்குத் தருகிறவர்கள், அவர்களுக்குச் செய்வது வியாபாரச் செலவு, அதைச் சமூகப் பொறுப்புக் கணக்கில் காட்டினால் தணிக்கையில் நிற்காது.

இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் கடிதத்தின்படி அவள் கம்பெனிக்கு வெளியே இருப்பவள். இரண்டாவதின்படி கம்பெனிக்கு உள்ளே. எந்தக் கதவில் தட்டினாலும் அவள் அடுத்த வீட்டுக்காரி.

வேடிக்கை என்னவென்றால் இரண்டு பதிலும் விதிப்படி சரி. கம்பெனி தன் வழக்கமான வியாபாரத்தின் பகுதியாகச் செய்வது சமூகப் பொறுப்புச் செலவில் சேராது என்று 2014 விதிகளிலேயே இருக்கிறது, 2021 ஜனவரித் திருத்தமும் அதை உறுதிப்படுத்தியது. தன் ஊழியர்களுக்குச் செய்துகொள்ளும் நலனும் சேராது. நியாயமான விதிதான். இல்லாவிட்டால் ஆலைக்குள் குழாய் போட்டுவிட்டு ஊருக்குத் தண்ணீர் கொடுத்தோம் என்று கணக்குக் காட்டுவார்கள். ஆனால் அந்த விதியின் நேர் அர்த்தத்தை யாரும் கம்பெனிக்குச் சொல்வதில்லை. கையுறை சமூகப் பொறுப்பில் சேராது என்றால், அது கொள்முதல் செலவில் சேரும். பாசியின் விலைக்குள் இருக்க வேண்டிய காசு அது. நாங்கள் தவறான கதவில் தர்மம் கேட்டுக்கொண்டு நின்றோம். கேட்டிருக்க வேண்டியது விலை.

மூன்று மாதம் கழித்துப் பக்கத்து ஊர்ப் பள்ளிச் சுற்றுச்சுவருக்கு வண்ணம் அடித்து, மீனும் ஆமையும் வரைந்து, மூலையில் கம்பெனிச் சின்னம் போட்டிருந்தார்கள். சுவர் நன்றாகத்தான் இருக்கிறது. அதில் வரைந்திருந்த பச்சைப் பாசியைத்தான் யாரோ ஆல மரம் மாதிரி வரைந்துவிட்டார்கள்.

கட்டுக்கூலிக்காரி

முதலாளி என்று நான் எழுதிய பெண், 400 முடிச்சைத் தனியாகப் போட முடியாது. அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிடுவாள், கயிற்றுக் கணக்கில் கூலி கொடுப்பாள். இவர்கள் எந்தக் குழுவிலும் இல்லை, எந்த அறிக்கையிலும் இல்லை. மிதவை வாங்கக் கடன் கிடைக்காத விதவைகள், வெளியூரிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவர்கள், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளும் சில சமயம்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஊதியத் தொகுப்பு, முன்பு போலப் பட்டியலில் உள்ள தொழில்களுக்கு மட்டும் என்று நிற்காமல், எல்லா வேலைக்கும் குறைந்தபட்சக் கூலி என்கிறது. துண்டுக்கூலிக்கும் அது உண்டு. படிக்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் இந்தச் சங்கிலியில் அந்தச் சட்டப்படி "வேலை கொடுப்பவர்" யார்? கம்பெனி இல்லை, ஏஜென்ட் இல்லை. மிதவைக்காரி. சங்கிலியில் கூலி என்ற சொல் முதன்முதலாக எழுதப்படுகிற இடமே அவளுடைய நோட்டுதான். ஆகவே நியாயக் கூலி கொடுக்காத குற்றம் யாருக்காவது வரும் என்றால், அது விலை சொல்லும் உரிமை இல்லாத, அந்தச் சங்கிலியிலேயே ஏழையான முதலாளிக்கு வரும். பெரிய தலைகள் எல்லாம் கொள்முதல் ரசீதுக்குப் பின்னால் இருப்பார்கள்.

பங்குச் சந்தையில் உள்ள முதல் 1,000 கம்பெனிகள் 2022-23 முதல் வணிகப் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கை தர வேண்டும் என்று, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி கட்டாயமாக்கியிருக்கிறது. மனித உரிமைக்கு ஒரு பகுதி, ஊழியர் நலனுக்கு ஒரு பகுதி, சரக்குச் சங்கிலி பற்றியும் கேள்விகள். 2011-இல் ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமைக் கவுன்சில் ஏற்ற வழிகாட்டு நெறிகளும் வியாபார உறவில் வரும் பாதிப்புக்குக் கம்பெனிக்குப் பொறுப்பு உண்டு என்கின்றன. காகிதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையை நோக்கி வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். கரையில் நான் இன்னும் பார்க்கவில்லை.

தாங்களே போட்ட விதி

வேலைத் தரம் என்றால் ஜெனீவாவில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு எழுதி டெல்லி வழியாக வர வேண்டும் என்பதில்லை. பாம்பன் பக்கத்தில் சின்னப்பாலம் பெண்கள் தீவுப் பாசிக்குத் தாங்களே விதி போட்டார்கள். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி மாதத்துக்கு 12 நாள் மட்டும் எடுப்பது. இரும்புச் சுரண்டி கூடாது, கையால்தான். மீன்பிடித் தடைக்காலத்தில் பாசிக்கும் லீவு. அந்தப் பெண்களைத் திரட்டியவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015-இல், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி பரிசு கிடைத்தது, 10,000 டாலர். சிறுமியாக இருந்தபோதே கடலில் இறங்கியவர்.

பாறை ஓய்வெடுத்தால்தான் அடுத்த மாதம் பாசி இருக்கும் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அது உடம்புக்கும் ஓய்வு. மாதத்துக்கு 18 நாள் தண்ணீருக்கு வெளியே. எந்தத் தொழிலாளர் ஆய்வாளரும் அவர்களுக்கு வாங்கிக் கொடுக்காத விடுமுறையை அவர்களே எடுத்துக்கொண்டார்கள். அதைப் பெற அவர்களுக்கு இருந்த ஒரே பலம், எல்லாரும் ஒரே நாளில் போகாமல் இருக்க முடிந்ததுதான்.

பெப்சி பாசிக் குழுக்களிடம் அந்தப் பலம் வரவில்லை. ஐந்தைந்து பேராக, தனித்தனிக் கடனோடு, தனித்தனி மிதவையோடு பிரிந்து கிடந்தார்கள். ஒரு குழு ஒருநாள் சரக்கைக் கொடுக்காமல் நிறுத்தினால் பக்கத்துக் குழு கொடுத்துவிடும். சுய உதவிக் குழு என்ற அமைப்பு கடன் திரும்ப வருவதற்காகச் செய்யப்பட்டது, விலை பேசுவதற்காக இல்லை. சங்கம் என்பது வேறு.

மன்னார் வளைகுடாவில் உள்ள குருசடைத் தீவைப் பற்றியும் ஒரு வரி சொல்ல வேண்டும். வடகடலில் மட்டும் என்று கோடு போட்டும், இந்தப் பாசி தென்கடலில் அந்தத் தீவின் பவளத்தின் மேல் ஏறிப் படர்ந்துவிட்டது என்று 2008-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். வனத்துறை ஆட்களை வைத்துக் கையால் பிடுங்கி எடுக்க வேண்டி வந்தது. அந்தச் செலவும் எந்தக் கம்பெனியின் கொள்முதல் விலையிலும் ஏறவில்லை.

இனி வருவது

2021 மத்திய பட்ஜெட்டில் தமிழ்நாட்டுக்குப் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்கா என்று அறிவித்தார்கள். 2023 செப்டம்பரில் திருவாடானை வட்டம் வளமாவூரில் அடிக்கல் நாட்டினார்கள், மதிப்பு சுமார் 127 கோடி ரூபாய். நாற்றுப் பண்ணை, ஆய்வகம், பயிற்சி எல்லாம் வரப்போகிறது. நல்லதுதான். நாற்று செத்தால் திரும்பக் கொடுக்க ஓர் இடம் இருக்கும் என்பதே பெரிய விஷயம். 2013-இல் அது இல்லாமல்தான் எல்லாரும் தொழிலை விட்டுக் கரையேறினார்கள்.

வாங்க வரும் புதுக் கம்பெனிகளிடம் குழுக்கள் முதலில் என்ன கேட்க வேண்டும் என்று என்னிடம் கேட்கிறார்கள். பள்ளிச் சுவர் வேண்டாம் என்று சொல்லச் சொல்வேன். ஒப்பந்தத் தாளில் நாலு விஷயம் தமிழில் எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்வேன்: நாற்று இறக்கும் அன்றே விலை, கழிவு எப்படி அளக்கப்படும், பயிர் வெளுத்தால் நட்டத்தில் யாருக்கு எவ்வளவு, கட்டுக்கூலி விலைக்குள் தனியாகக் காட்டப்பட்டிருக்கிறதா. கடைசியது முக்கியம். கூலி தனி வரியாக ரசீதில் வந்துவிட்டால், அதற்குப் பிறகு அந்தப் பெண்ணைப் பற்றித் தெரியாது என்று கம்பெனி சொல்ல முடியாது. கொட்டகையும் கழிப்பறையும் ஊராட்சி வழியாகக் கேட்டால் சீக்கிரம் வரும் என்பது என் அனுபவம்.

ஒரு குழு ஏற்கெனவே ஒன்று செய்துவிட்டது. ஐந்து பேரும் காசு போட்டு ஒரு தொங்கு தராசு வாங்கினார்கள். சரக்கை இரண்டு நாளுக்குப் பதில் மூன்று நாள் தார்ப்பாயில் காயவைத்து, மணலை உதறி, ஏஜென்ட் வருவதற்கு முன்பே தாங்கள் எடை போட்டு என்னிடம் எழுதச் சொல்கிறார்கள். அதற்காக நோட்டில் ஒரு கட்டம் கூட்டியிருக்கிறேன். அவர்கள் போட்ட எடை இடது ஓரத்தில், ஏஜென்ட் ஒத்துக்கொண்ட நிகர எடை அதற்கு எதிரில். ஏஜென்ட் முதல் வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "நம்பிக்கை இல்லையாக்கா?" என்று கேட்டார். "நம்பிக்கைதான் தம்பி, நோட்டுல கட்டம் காலியா கிடக்குதுன்னு கணக்குப்பிள்ளை சத்தம் போடுறாரு" என்று தலைவி என்மேல் பழியைப் போட்டுவிட்டார். முன்பு இருபது கிலோ மூட்டைக்கு இரண்டு கிலோ போகும். போன முறை போனது முக்கால் கிலோ.